இலையின் அடிப்பக்கம்

செடிகளை நான் நம்புவேன். செடி வளர்க்கிறவர்களை நம்பமாட்டேன். "தண்ணி அளவாத்தான் ஊத்தறேன்" என்பார்கள். தொட்டிக்குள் விரலை விட்டால் சேறாக இருக்கும். "நல்ல வெயில்லதான் இருக்கு" என்பார்கள். அந்த பால்கனிக்கு எதிரே பத்து மாடிக் கட்டடம் நிற்கும். குவைத்தில், ஃபர்வானியாவில், பதினோரு வருஷமாக இருக்கிறேன். கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவள். அந்தப் படிப்புக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. அதனால் படித்ததெல்லாம் வாய் வழியாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. பால்கனியில் செடி வைத்திருக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் நான்தான் இலை டாக்டர். பட்டம் நானாகச் சூட்டிக்கொண்டதில்லை, ஆனால் யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால் கொஞ்சம் கோபம் வரும்.

என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மூன்று போட்டோ வேண்டும். இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, முழுச் செடி ஒன்று. யாரும் ஒழுங்காக மூன்றும் அனுப்பமாட்டார்கள். எல்லோரும் மேல்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு "என்ன வியாதி?" என்பார்கள். "இலைக்கு அடியைத் திருப்பிக் காட்டுங்க" என்று நான் வாய்ஸ் மெசேஜில் கத்துவேன். பூச்சி உட்கார்ந்திருப்பது அடியில்தான், முட்டை ஒட்டியிருப்பது அடியில்தான். முழுச் செடியைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்து வைத்தியம் சொல்கிறவன் போலி டாக்டர் என்று அந்தக் குழுவில் எத்தனை தடவை பிரசங்கம் செய்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மீறினேன்.

குளிர்காலம் முடிகிற சமயம். காலையில் என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, தெரியாத நம்பரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. குழுவிலிருந்து யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். படம் முழுக்க ஒரே ஊதா நிறம். ஊதா விளக்கின் கீழே, பெயின்ட் வாளி ஒன்றில் ஏதோ செடி கலங்கலாகத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தது: "அக்கா வணக்கமுங்க. ரூமுக்குள்ள வெச்சு ஒரு செடி வளக்கறேன். இலை பழுத்துட்டே வருது. எப்படியாச்சும் பூ எடுக்கோணும். நீங்கதான் வழி சொல்லோணும். யாருகிட்டயும் சொல்லிராதீங்க்கா."

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சு. அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகிவிட்டது, என்ன செடி என்று கேட்கத் தோன்றவில்லை. ஊதா வெளிச்சத்தில் எந்த இலைக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. பச்சை கருப்பாகத் தெரியும், மஞ்சள் வெளுப்பாகத் தெரியும், சிவப்பு இருக்கிற இடமே தெரியாது. "அந்த லைட்டை அணைச்சுட்டு டியூப்லைட்ல எடுத்து அனுப்புங்க" என்று போட்டேன். ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது படம் வந்தது. காம்பைக் கிள்ளிவிட்டு ஒற்றை இலையைத் தரையில் வைத்து எடுத்திருந்தார்.

விரல் விரித்த கைபோல ஐந்து பிளவு. ஓரமெல்லாம் ரம்பப் பல்.

கஞ்சா இலையை நேரில் பார்த்ததில்லை. ஆனால் சட்டையிலும் தொப்பியிலும் அச்சடித்து விற்கிறார்களே, அதைப் பார்க்காத ஆள் யார். இந்த ஊரில் அந்த இலையோடு சம்பந்தப்பட்டால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜெயில், அப்புறம் ஊருக்கு அனுப்பி மறுபடி வரவே முடியாதபடி ஆக்கிவிடுவார்கள். செடி வைத்தவனுக்கு மட்டுமா? அவனுக்கு வைத்தியம் சொன்னவளுக்கும் அவள் புருஷனுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்காரருக்கு அப்போது இக்காமா, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, புதுப்பிக்க வேண்டிய நேரம். எங்கள் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு காகிதத்தில்தான் நிற்கிறது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்தேன். இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. இலை கிடந்த தரை. மஞ்சளில் பழுப்புப் புள்ளி போட்ட டைல்ஸ். நான் நின்றுகொண்டிருந்த என் சமையலறையில் குனிந்து பார்த்தேன். அதே மஞ்சள், அதே பழுப்புப் புள்ளி. இந்த ஆள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறான்.

மறுநாள் அதே நம்பரிலிருந்து: "அக்கா, செடி செத்துருமுங்களா?" என்று மட்டும் வந்தது.

இதுதான் நான் என்னையே திட்டிக்கொள்ள வேண்டிய இடம். பேசாமல் பிளாக் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பதில் தெரிந்தும் சொல்லாமலிருக்க என்னால் முடியாது, அது ஒரு வியாதி. நரம்பு பச்சையாக இருக்கிறது, நரம்புக்கு நடுவில் மஞ்சள். "அடி இலையா, கொழுந்தா?" என்று கேட்டேன். "அடி இலை நாலஞ்சு கொட்டியே போச்சுங்க, இப்ப அதுக்கு மேல இருக்கறது பழுக்குது" என்றார். கொழுந்து என்றால் இரும்புச் சத்து. அடியிலிருந்து ஏறினால் மெக்னீசியம். இதைச் சொல்ல எனக்குக் கண்ணைத் திறக்கவே வேண்டாம். வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "பார்மசில எப்சம் சால்ட் கேளுங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன். வாரம் ஒருக்கா ஊத்துங்க. இனிமே போட்டோ எதுவும் அனுப்பாதீங்க."

போட்டோ அனுப்பாதீங்க. முழுச் செடியைக் காட்டு, அடியைத் திருப்பு என்று ஊருக்கெல்லாம் கத்துகிற நான், இந்த ஒரு ஆளிடம் மட்டும் காட்டாதே என்று சொன்னேன். அந்தப் படம் என் போனில் இருக்கக் கூடாது என்கிற பயம். எல்லாவற்றையும் அழித்தேன். அழித்ததும் பயம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் லிஃப்டில் ஏறினேன். உள்ளே மூன்றாம் மாடி ஆட்கள் இரண்டு பேர். மூன்றாம் மாடியில் ஒரு பெரிய ஃபிளாட்டை ப்ளைவுட் தடுப்பு வைத்துப் பிரித்து பேச்சிலர்களுக்கு விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு பேரும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள். ஒருவர் நெட்டை, பேச்சே கிடையாது. மற்றவர் குட்டை, வாய் முழுக்கச் சிரிப்பு, லிஃப்ட் வர லேட்டானாலும் சிரிப்பார். இரண்டு பேருக்கும் ஏதோ கம்பெனியில் க்ளீனிங் வேலை, நைட் டூட்டி, ஒரே யூனிஃபார்ம். அன்றைக்கு நெட்டையின் கையில் பார்மசிப் பை. மெல்லிய பை. உள்ளே இருந்த டப்பாவின் எழுத்து அப்படியே தெரிந்தது. எப்சம் சால்ட்.

நான் தமிழச்சி என்று காட்டிக்கொள்ளவில்லை. "க்யா ஹுவா பாய்? தபியத் டீக் நஹி?" என்று, உடம்பு சரியில்லையா என்கிற மாதிரி, அந்தப் பையைக் காட்டி இந்தியில் கேட்டேன். நெட்டை திருதிருவென்று முழித்தார். குட்டைதான் முந்திக்கொண்டு, வயிற்றைத் தடவிக் காட்டி, "பேட் கராப், மேடம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் நண்பர் பக்கம் திரும்பித் தமிழில், "பேதி மருந்துன்னு நெனச்சிருக்கும் அந்தம்மா. நெனச்சுட்டுப் போகட்டும் உடு" என்றார்.

பொய். என் எதிரிலேயே, என் மருந்தை வைத்துக்கொண்டே பொய். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து நான் எனக்கே பிடிக்காத ஒரு பொம்பளையாக மாறிப்போனேன். லிஃப்ட் சத்தம் கேட்டால் கதவுக் கண்ணாடியில் கண்ணை வைப்பேன். படியில் இறங்கிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல், குப்பை போடுகிற சாக்கில் மூன்றாம் மாடி வழியாக இறங்குவேன். சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் அவர்கள் டூட்டிக்குப் போவார்கள். போன பிறகு கட்டடத்துக்குப் பின்பக்கம் போய் நின்றால், மூன்றாம் மாடி ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்த இடத்தின் ஓரத்தில் ஊதாக் கோடு தெரியும். காலையில் அவர்கள் திரும்பியதும் அந்தக் கோடு போய்விடும். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. கஞ்சாச் செடியைப் பூக்க வைக்க இதைத்தான் செய்வார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். நெட்டையின் கண் எப்போதும் சிவந்திருந்தது. அந்த ஃபிளாட் வாசலில் ஊதுவத்தி வாசம் ஓயாமல் அடித்தது, எதையோ மறைக்கத்தான் என்று வைத்துக்கொண்டேன். குட்டை எதற்கெடுத்தாலும் சிரிப்பதற்கும் எனக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகம் வந்துவிட்டால் பொருந்தாதது என்று ஒன்று மிச்சமிருக்காது.

மெசேஜும் நிற்கவில்லை. போட்டோ இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "அக்கா, பச்சை கட்டிருச்சுங்க. நீங்க நல்லா இருக்கோணும்" என்று ஒன்று. பத்து நாள் கழித்து, "மொட்டு வெச்சிருக்குங்க்கா. எங்கருந்துன்னு தெரியாமயே இப்பவே நாலு பேரு சொல்லி வெச்சிருக்காங்க. ரூம்ல மத்தவங்களுக்குத் தெரிஞ்சா பிடுங்கித் தீத்துருவானுக. ரூமுக்குள்ள இருக்குதுன்னு எனக்கும் எங்கூட்டாளிக்கும் உங்களுக்கும் மட்டுந்தான் தெரியும்" என்று இன்னொன்று. நான் எதற்கும் பதில் போடவில்லை. படித்ததும் அழித்தேன்.

லிஃப்டில் அவர்கள் என் முன்னால் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டார்கள், எனக்குப் புரியாது என்கிற தைரியத்தில். "விதை மட்டும் புடிக்கட்டும் மாப்ள. அப்பறம் மொத்த லேபர் கேம்ப்புக்கும் நம்ம சரக்குதான்" என்று குட்டை ஒரு நாள் சொன்னார். "மெதுவாப் பேசுடா" என்றார் நெட்டை. நான் லிஃப்டின் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதுவரை வீட்டுக்காரரிடம் நான் மூச்சு விடவில்லை. அன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவர் கத்துகிற ஆள் இல்லை. ஆயில் கம்பெனியில் கருவிகளின் அளவைச் சரிபார்க்கிற வேலை, நிதானம் அதிகம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "நீ அழிச்சா உன் போன்லதாம்மா அழியும். அவன் போன்ல உன் குரல் இருக்கில்ல" என்றார்.

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. என் குரல். ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன்.

"அவனை யாராவது புடிச்சா முதல்ல போனைத்தான் வாங்குவாங்க. நீ அந்தாளுக்கு டாக்டர்னு ஆயிடும். என்ன பண்ணப்போறே?"

"நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்றது. மூக்கை நீட்டினது நீ" என்று எழுந்து கை கழுவப் போனார். நான் அழுதேன். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி. யாரோ ஒரு போதைக்காரனுக்காக என் குடும்பம் தெருவில் நிற்க வேண்டுமா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எங்கள் கட்டடத்து ஹாரிஸ், அதாவது காவலும் பராமரிப்பும் பார்க்கிறவர், எகிப்துக்காரர். வயசானவர், என்னிடம் மரியாதையாக இருப்பார். அவர் வாசலில் வைத்திருக்கும் துளசியும் கற்றாழையும் நான் பிழைக்க வைத்தவை. மறுநாள் காலை அவரிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரபி நாலு வார்த்தை. மூன்றாம் மாடி என்பதற்கு மூன்று விரலைக் காட்டி, "ஷஜரா. மூ ஸேன்" என்றேன். மரம். நல்லதில்லை. அவருடைய துளசிக்குப் பூச்சி விழுந்தபோதும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறேன். அவர் எதற்கு என்று புரியாமல் பார்த்தார். ஜன்னலைக் காட்டினேன். போலீஸ், ஹஷீஷ் என்றெல்லாம் நான் வாயைத் திறக்கவே இல்லை. சொன்னது இரண்டே வார்த்தை, மிச்சத்தை அவரே புரிந்துகொண்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் முகம் மாறியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அடுத்த நாள் மதியம் இரண்டு மணி இருக்கும். கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. ஐந்து மாடியும் படியிலேயே இறங்கினேன். லிஃப்டில் போனால் அவர்களோடு மாட்டிக்கொள்வேனோ என்று பயம்.

வரவேற்புக் கூடத்தில் இரண்டு போலீஸ். கட்டடத்துச் சொந்தக்காரரின் ஆள் ஒருவர். ஓரமாக ஹாரிஸ். நடுவில் நெட்டை; கைலியும் பனியனுமாக, செருப்புகூட இல்லாமல். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். நைட் டூட்டிக்காரனுக்கு மதியம் இரண்டு மணி என்பது நடுத் தூக்கம், அந்தக் கண் சிவக்காமல் என்ன செய்யும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் குட்டை. அவரை யாரும் பிடிக்கவில்லை, அவராகவே நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு இல்லை. "சார், கானா சார், கானா" என்று வாய்ப்பக்கம் கையைக் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

தரையில் அந்தப் பெயின்ட் வாளி.

முதல் தடவையாக முழுச் செடியைப் பார்த்தேன். என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தண்டு சிவப்பு, ஊதா வெளிச்சத்தில் தெரியாத அந்தச் சிவப்பு. தண்டில் சுருக்சுருக்கென்று பொடி முள். கீழே உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு இலை, பிளவே இல்லாமல், முழுசாக, இதயம் மாதிரி. உச்சியில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. இளமஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு.

புளிச்சகீரை.

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள். வாரம் ஒரு நாள் புளிச்சகீரைக் கடைசல் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. கட்டுக் கட்டாக ஆய்ந்திருக்கிறேன். செம்பருத்திக் குடும்பம், இலை கஞ்சா மாதிரி இருக்கும் என்றுதான் அதன் தாவரவியல் பெயரிலேயே அந்தச் சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். பகல் குறைந்து இருட்டு நீண்டால்தான் இதுவும் பூக்கும். அவர்கள் டூட்டி பன்னிரண்டு மணி நேரம். போகும்போது விளக்கைப் போட்டுவிட்டு, வந்து தூங்கும்போது அணைத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். நாலு பேர் கேட்டது விதை. மற்றவர்களுக்குத் தெரிந்தால் பிடுங்கித் தீர்த்துவிடுவார்கள் என்றது, கடைந்து சோற்றில் போட்டு. கீரையைப் பூக்க விடுகிறவன் விதைக்குத்தான் விடுவான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இலையின் வியாதியைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். இலை என்ன இலை என்று பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போலீஸ்காரர்களில் இளையவர் வாளியைத் தூக்கப் போனார். எனக்கு இரண்டு வழி இருந்தது. படியேறித் திரும்பிப் போவது ஒன்று. வீட்டுக்காரர் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். அவர் ஆபீஸில் இருந்தார்.

"மூ ஹஷீஷ்" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். "ஹாதா அகில். சாப்பாடு." கிட்டப் போய் ஒரு இலையைக் கிள்ளினேன். போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். நான் நெட்டையின் பக்கம் திரும்பி, என்னை மீறித் தமிழில், "இலைக்கு அடியைத் திருப்பிக் காட்டுங்க" என்றேன். அவர் ஒரு இலையைத் திருப்பினார். அடியில், நடு நரம்பு தொடங்குகிற இடத்தில், குண்டூசித் தலையளவு ஒரு புடைப்பு. புளிச்சையில் இருக்கும், கஞ்சாவில் கிடையாது. அதைப் போலீஸ்காரருக்கு எந்த மொழியில் விளக்குவது? கையிலிருந்த இலையை வாயில் போட்டு மென்றேன். புளிப்பு. பல் கூசுகிற புளிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போலீஸ்காரர்களில் மூத்தவர் என்னையே பார்த்தார். அப்புறம் குட்டையைப் பார்த்து, தின்னு என்று கையைக் காட்டினார். குட்டை இரண்டு இலையை ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டார். போலீஸ்காரர் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார், நுனியை நாக்கில் வைத்தார், முகத்தைச் சுளித்தார், யாருக்கோ போன் போட்டு நெடுநேரம் பேசினார். ஆனாலும் செடியை விடவில்லை. இரண்டு பேரையும், அவர்கள் போனையும், பத்தாக்கா என்கிற அடையாள அட்டையையும் கொண்டுபோனார்கள். போகும்போது நெட்டை என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, நீங்களா அது" என்றார். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்துவிட்டார்கள். கீரைதான் என்று லேபில் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். போனும் அட்டையும் கிடைத்துவிட்டன, செடி மட்டும் திரும்பி வரவில்லை. அன்றைக்கே மெசேஜ் வந்தது. "அக்கா, நீங்க சாமி. நீங்க வந்து அந்த இலையைத் திங்கலீன்னா எங்க கதி என்னாகியிருக்கும். ஊர்லருந்து கீரை காய வெச்சுக் குடுத்து விட்டதுல ஒட்டிட்டு வந்த ஒத்த விதைங்க அது." சாமியாம்.

ஹாரிஸ் என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக் கும்பிடு மாதிரி போட்டார். என் பெயரைச் சொல்லவே இல்லையாம். யார் சொன்னது என்று அந்த நெட்டை வந்து கேட்டானாம். "ஜுவ்வா, ஜுவ்வா" என்று விரலால் உள்பக்கம் காட்டினார். கட்டடத்துக்கு உள்ளேயிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட்டாராம். என்னைக் காப்பாற்றிய பெருமை அந்த முகத்தில்.

இரண்டு நாளில் அடுத்த மெசேஜ். "அக்கா, எவன் போட்டுக் குடுத்தான்னு தெரிஞ்சு போச்சுங்க. செடி ரூமுக்குள்ள இருக்கறது தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. உங்களுக்கும் எங்கூட்டாளிக்கும். உள்ளிருந்துதான் சொன்னாங்கன்னு ஹாரிஸே சொல்லிட்டான். ஒரே ஊருக்காரன், ஒண்ணா விசா வாங்கி வந்தோம். இப்படிப் பண்ணிட்டானுங்க்கா. நான் இப்ப அவங்கூடப் பேசறதில்லை."

அன்றைக்கு அந்தக் கூடத்தில், போலீஸ் பிடிக்காமலே நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் குட்டை. நாலு தடவை எழுதி அழித்தேன். ஐந்தாவது தடவை அனுப்பிவிட்டேன். "அவர் இல்லைங்க. ஹாரிஸ்கிட்ட சொன்னது நான்தான். கஞ்சான்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சுருங்க."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் உடனே வந்தது.

"சும்மா சொல்லாதீங்க்கா. எங்களைச் சேத்து வெக்கறதுக்குப் பழியை உங்க மேல போட்டுக்கறீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதா? விவசாயம் படிச்சவங்க நீங்க, புளிச்சைக்கும் கஞ்சாவுக்கும் வித்தியாசம் தெரியாமயா இருக்கும்?"

இன்னொரு தடவை எழுதினேன். மூன்றாம் மாடிக்கே போய்க் கதவைத் தட்டி, வாசலில் நின்றபடியே நேரிலும் சொன்னேன். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். "சரிங்க்கா, சரிங்க்கா" என்றார், கோபக்காரனைச் சமாதானப்படுத்த வந்த பெரிய மனுஷியிடம் சொல்வது போல. வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "நீ உண்மையைச் சொல்லியாச்சு, அவன் நம்பலை. இதுக்கு மேல என்ன பண்ண முடியும்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பினேன். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. குட்டை மட்டும் நின்றிருந்தார். ஒரு பெட்டி, சுருட்டிய பாய், கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. வேறு இடத்துக்கு ரூம் மாறிப் போகிறார். நான் கதவு மூடாமல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். இப்போது என்னிடம் தமிழ் பேசினார். "தேங்க்ஸுங்க மேடம்."

"நான் அவர்கிட்ட சொன்னேங்க. நான்தான் சொன்னதுன்னு. நம்பமாட்டேங்கறாரு" என்றேன்.

"ஆமாங்க, சண்டை போட்டப்ப சொன்னான். எனக்காக நீங்க பொய் சொல்றீங்கன்னான்."

"பொய் இல்லைங்க."

அவர் பாயைத் தோளில் சரியாக வைத்துக்கொண்டார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "தெரிஞ்சது ரெண்டே பேருக்குன்னு அவன் சொல்லிட்டே இருக்கான். நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியுமில்லீங்களா" என்றார்.

லிஃப்ட் கீழே வந்து நின்றது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் மறுபடி பட்டனை அழுத்திப் பிடித்தபடி, திறந்த கதவுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.